கறுப்பினப் பெண் ஊழியர்களின் சம்பளமும் பதவி உயர்வும்: அமெரிக்க நிறுவனத்துக்குள் தணிக்கை செய்து சரிசெய்யும் வழி

அமெரிக்க நிறுவனங்களில் சம்பளக் கணக்குப் பார்ப்பது என் வேலை. ஒரே வேலைக்கு இரண்டு பேருக்கு இரண்டு தொகை போகிறதா, போனால் அதற்குக் காரணம் எழுத்தில் இருக்கிறதா என்று தேடுவது. கறுப்பினப் பெண்களின் நிலையைச் சரிசெய்யப் போகிறோம் என்று கிளம்பிய பல குழுக்களைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் தொடங்கும் இடமே தப்பு. பிப்ரவரி, கறுப்பின வரலாற்று மாதம் என்பதால் ஒரு கூட்டம் நடக்கும். வெளியிலிருந்து ஒருவர் வந்து இரண்டு மணி நேரம் பயிற்சி கொடுப்பார். மேலிடத்திலிருந்து உருக்கமாக ஒரு மின்னஞ்சல் வரும். மார்ச்சில் சம்பள உயர்வுப் பட்டியலைத் திறந்தால் போன வருஷத்துப் பட்டியல்தான்.

நான் பின்பற்றும் வரிசை வேறு. முதலில் எண்ணிக்கை, பிறகு பணம், பிறகு ஆள் எடுப்பதும் உயர்த்துவதும். பயிற்சியும் கூட்டமும் வேண்டுமானால் கடைசியில். அங்கே டீம் நடத்தும் மேனேஜராகவோ எச்.ஆரிலோ இருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நம் ஆட்கள் நிறையப் பேர் இன்று அந்த நாற்காலியில்தான் இருக்கிறார்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பணம் ஒதுக்கும் அதிகாரம் உள்ள ஒருவர், பெரும்பாலும் நிதித் தலைவர், முதல் நாளே உடன்பட்டிருக்க வேண்டும். "முதலில் பார்ப்போம், பிறகு யோசிப்போம்" என்றால் தொடங்காதீர்கள். குறை இருக்கிறது என்று கண்டுபிடித்து எழுதிவைத்துவிட்டுச் சரிசெய்யாமல் விட்டால், தெரிந்தே செய்தீர்கள் என்பதற்கு நீங்களே சாட்சி தயாரித்துக் கொடுத்த மாதிரி.

அடுத்து, வேலைச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர். தணிக்கை அவர் கேட்டுக்கொண்டு, அவருக்கு ஆலோசனை சொல்வதற்காக நடப்பதாக இருக்கட்டும். அப்போதுதான் முடிவுகள் வழக்கறிஞர்–கட்சிக்காரர் ரகசியத்தின் கீழ், அதாவது எதிர்த்தரப்பு கேட்டாலும் காட்ட வேண்டியதில்லை என்ற பாதுகாப்பின் கீழ், வரும் வாய்ப்பு உண்டு. எக்செல்லில் கணக்குப் போட்டு பத்துப் பேருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, அதன் பிறகு வழக்கறிஞரைத் தேடியவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்போது அவர் செய்வதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது.

மூன்றாவது, தரவு. ஒவ்வொருவருக்கும் சேர்ந்த தேதி, சேர்ந்தபோது தந்த சம்பளம், இன்றைய அடிப்படைச் சம்பளம், போனஸ், பங்கு ஒதுக்கீடு, பதவிப் படிநிலை, கடைசிப் பதவி உயர்வின் தேதி, மூன்று ஆண்டு பணி மதிப்பீட்டு மதிப்பெண், ஊர், இனம், பாலினம். சேர்ந்த நாள் சம்பளத்தைப் பலர் விட்டுவிடுவார்கள். ஏன் அது வேண்டும் என்று நான்காம் பகுதியில் புரியும்.

ஒரு எச்சரிக்கை. இந்த வேலையை நிறுவனத்தில் இருக்கும் இரண்டு மூன்று கறுப்பினப் பெண்களின் தலையில் கட்டாதீர்கள். "உங்களுக்குத்தானே இது நன்றாகத் தெரியும்" என்று கமிட்டியில் போடுவது மரியாதை மாதிரித் தோன்றும். ஆனால் மதிப்பீட்டில் மதிப்பெண் வராத வேலையை, ஏற்கெனவே பின்தங்கவைக்கப்பட்டவர்களிடம் கூடுதலாகக் கொடுக்கிறீர்கள். அவர்களிடம் கருத்துக் கேளுங்கள். கணக்குப் போடுவது, சண்டை போடுவது எல்லாம் உங்கள் வேலை.

2. சட்டம் எங்கே கோடு போட்டிருக்கிறது என்று பாருங்கள்

இதை இரண்டாவதாக வைப்பதற்குக் காரணம் உண்டு. நல்ல எண்ணத்தில், "அடுத்த டைரக்டர் பதவி கறுப்பினப் பெண்ணுக்குத்தான்" என்று யாராவது எழுதிவிடுவார்கள். அது சட்டவிரோதம். 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டத்தின் ஏழாம் பிரிவு, 15 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்களில் இனத்தையோ பாலினத்தையோ காரணமாக வைத்து வேலை முடிவெடுப்பதை எந்தப் பக்கமாக இருந்தாலும் தடுக்கிறது. பெரும்பான்மைப் பிரிவினர் வழக்குப் போட்டாலும் அதே அளவுகோல்தான் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூனில் ஏம்ஸ் வழக்கில் சொல்லிவிட்டது.

அட்லாண்டாவின் ஃபியர்லெஸ் ஃபண்ட் என்ற முதலீட்டு நிறுவனம், கறுப்பினப் பெண் தொழில்முனைவோருக்கு மட்டும் என்று 20,000 டாலர் மானியம் கொடுத்துவந்தது. 2024 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது; சில மாதங்களில் சமரசம் ஆகி அந்தத் திட்டமே மூடப்பட்டது. வழக்குக்குப் பயன்பட்ட சட்டம் எது தெரியுமா? விடுதலையான அடிமைகளும் வெள்ளையரைப் போல ஒப்பந்தம் போட உரிமை வேண்டும் என்று 1866இல் கொண்டுவந்தது.

2025 ஜனவரியில் அதிபர் உத்தரவு ஒன்று, அரசு ஒப்பந்தக்காரர்கள் பாகுபாடு காட்டாமல் சம வாய்ப்புக்கு முனைந்து வேலை செய்ய வேண்டும் என்று 1965 முதல் இருந்துவந்த 11246ஆம் எண் உத்தரவையும் ரத்து செய்தது. இதையெல்லாம் கேட்டுவிட்டு "இனி எதுவும் செய்ய முடியாது" என்று கோப்பை மூடுவதும் பிழைதான். ஏழாம் பிரிவு அப்படியே இருக்கிறது. கறுப்பினப் பெண் என்பதற்காகக் குறைத்துக் கொடுப்பது நேற்றும் சட்டவிரோதம், இன்றும் சட்டவிரோதம். தணிக்கை செய்யலாம், சம வேலைக்குச் சம சம்பளம் ஆக்கலாம், எல்லாருக்கும் ஒரே கேள்வி, ஒரே அளவுகோல் என்று மாற்றலாம், விளம்பரத்தை இன்னும் பல இடங்களுக்குக் கொண்டுபோகலாம். ஒதுக்கீடும் இனத்தைப் பார்த்துக் கூடுதல் மதிப்பெண்ணும்தான் கூடாது. கீழே வரும் படிகள் எல்லாம் இந்தக் கோட்டுக்கு உள்ளே நிற்பவை.

3. இனத்தையும் பாலினத்தையும் சேர்த்து எண்ணுங்கள்

புதிதாக வருகிறவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். ஒரு பட்டியலில் ஆண், பெண். இன்னொரு பட்டியலில் வெள்ளையர், கறுப்பினத்தவர். இரண்டும் பரவாயில்லை என்று வந்ததும் கணினியை மூடிவிடுவார்கள்.

ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பதவி உயர்வுக்குத் தகுதியானவர்கள் 130 பேர். வெள்ளை ஆண்கள் 60, உயர்ந்தவர்கள் 18. வெள்ளைப் பெண்கள் 40, உயர்ந்தவர்கள் 12. கறுப்பின ஆண்கள் 20, உயர்ந்தவர்கள் 7. கறுப்பினப் பெண்கள் 10, உயர்ந்தவர் ஒருவர்.

ஆண்களில் 31 சதவீதம், பெண்களில் 26 சதவீதம். வெள்ளையரில் 30, கறுப்பினத்தவரில் 27 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. ஒரு பிரிவின் விகிதம், முன்னால் இருக்கும் பிரிவினுடையதில் ஐந்தில் நான்கு பங்குக்குக் கீழே போனால் கவனிக்க வேண்டும் என்பது 1978 முதல் புழங்கும் கைக்கணக்கு. இங்கே பெண்கள் என்ற வரிசையும் தேறிவிடுகிறது, கறுப்பினத்தவர் என்ற வரிசையும் தேறிவிடுகிறது. சேர்த்துப் பார்த்தால் மற்ற மூன்று பிரிவிலும் 30 அல்லது அதற்கு மேல். கறுப்பினப் பெண்களில் 10. வெள்ளைப் பெண்களும் கறுப்பின ஆண்களும் சராசரியைத் தூக்கிப் பிடிக்க, இவர்கள் அதன் அடியில் மறைந்துபோகிறார்கள்.

நீதிமன்றத்திலேயே இது நடந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் மீது எம்மா டிகிராஃபன்ரீடும் இன்னும் நான்கு கறுப்பினப் பெண்களும் போட்ட வழக்கில், 1976இல் மிசௌரி நீதிமன்றம், நிறுவனம் பெண்களை வேலைக்கு எடுத்திருக்கிறது, ஆகவே பாலினப் பாகுபாடு இல்லை என்றது. எடுத்தது வெள்ளைப் பெண்களை. இனப் பாகுபாட்டுப் புகாரை வேறொரு வழக்கோடு சேர்த்துக்கொள்ளுங்கள், இரண்டையும் கலந்து புதிதாக ஒரு பிரிவை உண்டாக்க முடியாது என்று அனுப்பிவிட்டது. 1980இல் ஐந்தாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் கறுப்பினப் பெண்கள் தனியாகப் பாகுபாட்டுக்கு ஆளாக முடியும் என்று ஒத்துக்கொண்டது. சட்டப் பேராசிரியர் கிம்பர்லே கிரென்ஷா 1989இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, ஜெனரல் மோட்டார்ஸ் வழக்கை எடுத்துக்காட்டாக வைத்து இதைத்தான் பேசுகிறது.

நூறு பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் ஆண்டுதோறும் மத்திய அரசின் சம வேலைவாய்ப்பு ஆணையத்துக்குக் கொடுக்கும் படிவத்திலேயே இனமும் பாலினமும் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் போட்டிருக்கும். தரவு உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. யாரும் அந்தக் கட்டத்தைப் படிப்பதில்லை, அவ்வளவுதான்.

சின்ன எண்களை வைத்து அவசரப்படாதீர்கள். மேலே சொன்ன பத்துப் பேரில் இன்னும் இரண்டு பேர் உயர்ந்திருந்தால் விகிதம் சமமாகிவிடும். ஆகவே மூன்று நான்கு ஆண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள். அப்போதும் எண் சிறிதாக இருந்தால் புள்ளியியலை விட்டுவிட்டு ஒவ்வொருவரின் கோப்பையும் எடுத்துப் படியுங்கள். பத்துக் கோப்புப் படிக்க ஒரு நாள் போதும். "எண்ணிக்கை போதாது, முடிவு சொல்ல முடியாது" என்று எழுதி முடிப்பது சோம்பல்.

4. சம்பளத்தைச் சரிசெய்யுங்கள்

நாடு முழுவதும் முழுநேர வேலை செய்யும் கறுப்பினப் பெண், வெள்ளை ஆண் வாங்குவதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் வாங்குகிறார். அந்த எண்ணை உங்கள் அறிக்கையில் ஒட்டாதீர்கள். அது எல்லாத் தொழிலையும் எல்லாப் படிநிலையையும் சேர்த்த கணக்கு. உங்கள் நிதித் தலைவர் "இங்கே அப்படியில்லை" என்று ஒரே வாக்கியத்தில் தள்ளிவிடுவார்.

முதல் வேலை, ஒப்பிடக்கூடியவர்களை ஒன்றாக வைப்பது. பதவிப் பெயரை நம்பாதீர்கள். செய்யும் வேலை, பொறுப்பு, தேவைப்படும் திறமை, ஊர் ஆகியவற்றை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். "அனலிஸ்ட்" என்று பெயர் வைத்துக்கொண்டு மேனேஜர் வேலை செய்கிறவர் எல்லா அலுவலகத்திலும் ஒருவராவது உண்டு. அவர் யார் என்று பாருங்கள்.

அடுத்து, சம்பளத்தை எது தீர்மானிக்கிறது என்று கணக்கிடுவது. அனுபவம், படிநிலை, மதிப்பெண் எல்லாவற்றையும் சூத்திரத்துக்குள் போட்டால் இடைவெளி சுருங்கும். சுருங்கியதும் எல்லாரும் மகிழ்ச்சியாக எழுந்து போய்விடுவார்கள். கொஞ்சம் உட்காருங்கள். படிநிலையும் மதிப்பெண்ணும் யார் கொடுத்தது? அதே மேனேஜர்கள்தானே? பாகுபாடு படிநிலையில் நடந்திருந்தால், படிநிலையைக் காரணமாகக் காட்டும்போது பாகுபாட்டைக் கொண்டே பாகுபாட்டை நியாயப்படுத்துகிறீர்கள். ஆகவே இரண்டு முறை ஓட்டுங்கள்: ஒன்று அவற்றோடு, இன்னொன்று அவை இல்லாமல். இரண்டுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் வந்தால் கோளாறு சம்பளத்தில் இல்லை, உயர்த்துவதில் இருக்கிறது.

மூன்றாவது, சேர்ந்த நாள் சம்பளம். ஒருவர் 1,20,000 டாலருக்குச் சேர்கிறார், அதே வேலைக்கு இன்னொருவர் 1,08,000க்கு. இருவருக்கும் ஆண்டுக்கு 3 சதவீதம், பாரபட்சமே இல்லாமல். ஐந்து ஆண்டில் இரண்டாமவர் இழந்தது மொத்தம் 63,000 டாலருக்கு மேல். ஆண்டு இடைவெளியும் கிட்டத்தட்ட 14,000 ஆகியிருக்கும். நேர்மையான சதவீதம் பழைய அநியாயத்தை வளர்த்துக்கொண்டே போகும்.

முந்தைய வேலையில் எவ்வளவு வாங்கினீர்கள் என்று கேட்பதுதான் இதற்கு வழக்கமான வாசல். போன இடத்தில் குறைத்துக் கொடுத்ததை நீங்கள் வாங்கி முன்னால் கொண்டுபோகிறீர்கள். கலிஃபோர்னியாவிலும் மாசசூசெட்ஸிலும் 2018 முதல் அந்தக் கேள்வியே கூடாது; வேறு பல மாநிலங்களிலும் தடை உண்டு. முந்தைய சம்பளத்தைச் சாக்காகக் காட்ட முடியாது என்று ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020இல் ஐலீன் ரிசோ என்ற கணிதக் கல்வி ஆலோசகரின் வழக்கில் தீர்த்துச் சொன்னது. உங்கள் மாநிலத்தில் தடை இல்லாவிட்டாலும் விண்ணப்பத்திலிருந்து அந்தக் கட்டத்தை எடுத்துவிடுங்கள்.

போனஸும் பங்கும் தனித்தனியே பார்க்கப்பட வேண்டும். அடிப்படைச் சம்பளத்தைச் சரியாக வைத்துவிட்டுப் பங்கில் கோட்டைவிட்ட நிறுவனங்கள் உண்டு. அங்கே மேனேஜரின் கை தாராளமாக ஓடும், கேட்பவர் குறைவு.

சரிசெய்யும்போது ஏற்றுங்கள், இறக்காதீர்கள். சமப்படுத்துவதற்காக யாருடைய சம்பளத்தையும் குறைக்கக் கூடாது என்று 1963ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. ஆண்டு உயர்வோடு கலந்தும் கொடுக்காதீர்கள். "உங்களுக்கு இந்த முறை 9 சதவீதம்" என்றால் அது பாராட்டாகிவிடும், திருத்தம் ஆகாது. அடுத்த வருஷம் "போன முறைதான் நிறையக் கொடுத்தோமே" என்று பிடித்துக்கொள்வார்கள். தனித் தேதியில், தனிக் கடிதத்தில், வழக்கறிஞர் பார்த்த வாசகத்தோடு கொடுங்கள். குறைவாக வாங்குகிறவர் வேறு பிரிவினராக இருந்தாலும் அதே அளவுகோலில் ஏற்றுங்கள். இரண்டாம் பகுதியில் சொன்ன கோடு அதைத்தான் கேட்கிறது.

5. ஆள் எடுக்கும் முறையை மாற்றுங்கள்

பாஸ்டனிலும் சிகாகோவிலும் ஏறக்குறைய 5,000 பொய் விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்த ஆய்வு 2004இல் வெளியானது. ஒரே தகுதி, பெயர் மட்டும் வேறு. எமிலி, கிரெக் போன்ற வெள்ளையர் பெயர்களுக்கு, லகீஷா, ஜமால் போன்ற கறுப்பினப் பெயர்களைவிட 50 சதவீதம் கூடுதலாக அழைப்பு வந்தது. முதல் சுற்றில் பெயரை மறைத்துவிடுங்கள். ஆனால் அதோடு நின்றால் கதவு ஒரு அறை தள்ளிப் போயிருக்கும், அவ்வளவே. தொலைபேசியில் குரல் கேட்கும்.

அதனால் நேர்காணலுக்கு ஒரு கட்டமைப்பு கொடுங்கள். எல்லாருக்கும் அதே கேள்விகள், அதே வரிசை. நல்ல பதில் எது என்று முன்கூட்டியே எழுதிவையுங்கள். கேட்டவர்கள் ஒருவரோடொருவர் பேசுவதற்கு முன் மதிப்பெண்ணைப் பதிவு செய்யட்டும். முதலில் பெரியவர் வாயைத் திறந்தால் மற்றவர்கள் பேனாவை மூடிவிடுவார்கள். "நம் டீமுக்குப் பொருந்துவாரா" என்ற கேள்வியை அடித்துவிடுங்கள். நான் படித்த நேர்காணல் குறிப்புகளில் காரணம் எழுத முடியாத மறுப்புகள் பெரும்பாலும் அந்த வரியின் கீழ்தான் இருந்தன.

இப்போது நம் வீட்டு விஷயம். சிபாரிசு. கல்லூரி ஜூனியர், பழைய ரூம்மேட், மைத்துனரின் நண்பர் என்று மூன்று ஆண்டில் ஒரு டீம் முழுக்க ஒரே ஊராகிவிடும். யாரும் யாரையும் வெறுத்து இதைச் செய்வதில்லை. ஆனால் அந்த வாட்ஸ்அப் குழுவில் இல்லாத ஒரு கறுப்பினப் பெண் பொறியாளருக்கு அப்படி ஒரு வேலை காலியானதே தெரியாது. சிபாரிசு வரட்டும்; அதற்கு முன் வேலை வெளியே அறிவிக்கப்பட்டு, குறைந்தது இரண்டு வாரம் திறந்திருக்கட்டும். சம்பள எல்லையையும் அறிவிப்பில் போடுங்கள். கொலராடோவில் 2021 முதலும், கலிஃபோர்னியா, வாஷிங்டன், நியூயார்க் மாநிலங்களில் 2023 முதலும் அது கட்டாயம்.

6. முதல் பதவி உயர்வைக் கவனியுங்கள்

மேலே கறுப்பினப் பெண்கள் இல்லை என்று கவலைப்படுகிற நிறுவனங்கள் துணைத் தலைவர் பதவியைத்தான் பார்க்கும். ஏணி முறிந்திருப்பது அடியில். மெக்கின்சி என்ற ஆலோசனை நிறுவனமும் பெண்களின் பணி முன்னேற்றத்துக்கான லீன்இன் அமைப்பும் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கையில், 2024இல், முதல் மேனேஜர் பதவிக்கு 100 ஆண்கள் உயர்ந்தபோது பெண்கள் 81, கறுப்பினப் பெண்கள் 54. முதல் படியில் பாதிப் பேர் நின்றுவிட்டால் பத்தாவது படியில் யாரைத் தேடுவது?

அந்த உயர்வுக்கு யார் பெயர் முன்மொழியப்பட்டது, யார் பெயர் வரவே இல்லை என்று தனியாகப் பட்டியல் எடுங்கள். மறுக்கப்பட்டவர்களைவிடப் பேசப்படாதவர்கள்தான் அதிகம். மேனேஜர் கை நீட்டினால்தான் பெயர் வரும் என்ற முறையை விட்டு, குறிப்பிட்ட காலம் முடித்த எல்லார் பெயரும் தானாக மேஜைக்கு வரும்படி மாற்றுங்கள். இவரை உயர்த்த வேண்டாம் என்று சொல்கிற மேனேஜர் காரணம் எழுதட்டும்.

மதிப்பீட்டுக் குறிப்புகளையும் படியுங்கள். "கடுமையாகப் பேசுகிறார்", "தொனியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்ற வரிகள் யாருடைய கோப்பில் இருக்கின்றன என்று எண்ணுங்கள். அதே தொனி இன்னொருவர் கோப்பில் "தலைமைப் பண்பு" ஆகியிருக்கும். என் விதி எளிது: குணத்தைப் பற்றி எழுதினால் பக்கத்திலேயே ஒரு தேதி, ஒரு சம்பவம், அதனால் வேலையில் நேர்ந்த விளைவு. மூன்றும் இல்லையென்றால் வரி நீங்க வேண்டும். இப்படி ஒரு முறை செய்தபோது, குறிப்பு எழுதிய மேனேஜர் ஒருவர் ஒரு வாரம் யோசித்துவிட்டு எந்தச் சம்பவமும் நினைவில்லை என்றார்.

யார் கூட்டக் குறிப்பு எடுக்கிறார்கள், யார் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பதையும் சுழற்சியில் விடுங்கள். அதில் நேரம் போகும், உயர்வு வராது.

7. உடை விதிகளை எடுத்துப் பாருங்கள்

சின்ன வேலை, அரை நாள். "நேர்த்தியான தலைமுடி", "தொழில்முறைத் தோற்றம்" என்ற சொற்கள் ஊழியர் கையேட்டில் இருந்தால் நீக்குங்கள். அலபாமாவில் வேலைக்குத் தேர்வான சேஸ்டிட்டி ஜோன்ஸ், சடைத்திரிகளை (டிரெட்லாக்ஸ்) வெட்ட மறுத்ததால் வேலையை இழந்தார். 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. பின்னர் 2019இல் கலிஃபோர்னியா, தலைமுடியை வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்று கிரவுன் சட்டம் கொண்டுவந்தது. இன்று 20க்கும் மேற்பட்ட மாநிலங்களில் அது உண்டு.

8. புகார் வந்தால் எப்படி நடப்பது என்று முன்பே எழுதிவையுங்கள்

மேலே உள்ளவற்றைச் செய்யத் தொடங்கினால் புகார்கள் கூடும். பயந்து நிறுத்திவிடுகிறவர்கள் இங்கேதான் நிறுத்துகிறார்கள். புகார் கூடுவது, சொன்னால் கேட்பார்கள் என்று ஆட்கள் நம்பத் தொடங்கியதன் அடையாளமாகவும் இருக்கலாம்.

ஆணையத்துக்கு வரும் புகார்களில் ஏறக்குறைய பாதி பழிவாங்கலைச் சொல்பவை. மூலப் புகார் நிரூபிக்கப்படாமல் போனாலும், புகார் செய்தவரைத் தண்டித்த வழக்கில் நிறுவனம் தோற்கலாம். ஆகவே புகார் வந்த நாள் முதல், அவரைப் பற்றிய மதிப்பெண், ஷிஃப்ட், இடமாற்றம் எதுவும் அவருடைய மேனேஜர் ஒருவர் கையெழுத்தில் மட்டும் நடக்கக் கூடாது. இன்னொருவர் பார்த்து ஒப்ப வேண்டும்.

புகார் செய்பவரிடம் காலக்கெடுக்களை மறைக்காதீர்கள். ஆணையத்திடம் போக 180 நாள்; மாநிலத்தில் அதற்கான அமைப்பு இருந்தால் 300 நாள். மத்திய அரசு ஊழியர் தன் துறையின் சம வாய்ப்பு ஆலோசகரை அணுக 45 நாள்தான். உள்விசாரணை நடக்கிறதே என்று காத்திருந்தால் கடிகாரம் நிற்காது. வழக்குத் தொடரலாம் என்று ஆணையத்தின் கடிதம் கிடைத்தபின், வழக்குப் போட 90 நாள். சம்பளக் குறைவில் மட்டும், 2009இல் வந்த லில்லி லெட்பெட்டர் சட்டத்தின்படி, குறைந்த தொகையோடு வரும் ஒவ்வொரு சம்பளமும் காலக்கெடுவைப் புதிதாகத் தொடங்கிவைக்கும். சக ஊழியர்கள் தங்களுக்குள் சம்பளம் பேசிக்கொள்வதையும் தடுக்காதீர்கள். மேற்பார்வையாளர் அல்லாத தனியார் துறை ஊழியர்களுக்கு 1935ஆம் ஆண்டின் தொழிலாளர் உறவுச் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது.

9. மறுபடி எண்ணுங்கள், போனவர்களையும் சேர்த்து

ஓர் ஆண்டு கழித்து அதே கட்டங்கள், அதே சூத்திரம். வழியில் அளவுகோலை மாற்றினால் முன்னேற்றமா, கணக்கு வித்தியாசமா என்று யாருக்கும் தெரியாது. மாற்றியே ஆக வேண்டும் என்றால் போன ஆண்டுத் தரவையும் புதிய முறையில் ஓட்டிவிட்டு ஒப்பிடுங்கள்.

வேலையை விட்டுப் போனவர்களைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. குறைவாக வாங்கிய மூன்று பேர் போய்விட்டால் சராசரி தானாக ஏறும், அறிக்கை அழகாக வரும். போன ஒவ்வொருவரையும் கடைசிச் சம்பளத்தோடும் படிநிலையோடும் பட்டியலில் வைத்திருங்கள். ஏன் போனார் என்று எச்.ஆர். கேட்கும் கடைசி நாள் கேள்விக்கு யாரும் உண்மை சொல்வதில்லை. மூன்று மாதம் கழித்து, அவருக்கு மேலதிகாரியாக இல்லாத ஒருவர் தொலைபேசியில் கேட்டால் சொல்வார்கள்.

தேதியை மட்டும் சரியாக வையுங்கள். உயர்வுப் பட்டியல் மார்ச்சில் என்றால் கணக்கு டிசம்பருக்குள் முடிந்து, பணம் ஜனவரி பட்ஜெட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். பிப்ரவரியில் தொடங்கினால் அடுத்த வருஷம்தான்.